எச்சரிக்கை வந்து சேர்வதும் வழங்கப்படுவதும்: காசிமேட்டு விசைப்படகின் கைபேசியில் ரன் லூப்

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதும் சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு, பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களாலும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் 1 முதல் 11 வரையிலான எண்களில் ஒன்றைக் கடலோடிகளுக்குக் காட்டுகிறது. கூண்டு ஏறிவிட்டது என்பதாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஒருவர் தலை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தால்தான் அது அவருக்கு எச்சரிக்கை ஆகிறது. படகின் சுக்கான் அறையில் வைக்கப்படும் கைபேசி இந்தப் பார்க்கும் வேலையை மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டதாகத் தோன்றினாலும், அந்தக் கைபேசிக்குள்ளும் யாரோ ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் பார்வையைச் செய்யும் உறுப்பைத்தான் நிரலாளர்கள் ரன் லூப் என்கிறார்கள்.

ஒரு நிகழ்வு நடந்த கணமும் அது செயலியின் கையில் வழங்கப்படும் கணமும் ஒன்றல்ல என்பதும், இரண்டுக்கும் நடுவே நிற்கும் ரன் லூப் எப்போது சுழல்கிறது, எந்த இழையில் சுழல்கிறது, எதைக் கேட்கும் நிலையில் சுழல்கிறது என்பதே அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறது என்பதும் செயலி எழுதுவோர் பலருக்கும் ஏட்டளவில் தெரிந்த செய்திதான். எனினும் மளிகைக் கடைச் செயலியிலோ பாட்டுச் செயலியிலோ அரை நொடி தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாததால், அந்த அறிவு பெரும்பாலும் சோதிக்கப்படாமலே கிடக்கிறது. கடலில் போகிறவருக்கான செயலியில் அதைச் சோதிக்காமல் விடுவது மன்னிக்கத் தக்கதன்று.

காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகுக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 10, 12 கிலோமீட்டர் தாண்டியதும் கைபேசிக் கோபுரத்தின் தொடர்பு அறுந்துவிடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போனதை நாடே கண்டது. அதற்குப் பின்னர், 2019இல், ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியைப் பெற்று புளூடூத் மூலம் கைபேசிக்குக் கடத்தும் ஜெமினி என்ற கருவியை முன்வைத்தது. 2024இல் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான இருவழி டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி, காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கூடும் இடம் ஆகியவற்றோடு பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியையும் தந்திருக்கிறது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த அந்தக் கோடு ராமேஸ்வரத்துப் படகுகளுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. வடசென்னைப் படகுகளுக்கோ காமராஜர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் தடமும், புயலும்தான் முதல் கவலைகள். (2017 ஜனவரி 28 அன்று அந்தத் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியதையும், அதை ஆட்கள் வாளிகளால் அள்ளியதையும் அந்த ஊர்கள் மறக்கவில்லை.) செயற்கைக்கோளும் கருவியும் தம் பங்கைச் செய்து முடித்த பிறகு, எச்சரிக்கையின் பயணத்தில் மீதமிருப்பது சில அங்குலத் தொலைவு மட்டுமே; அந்தச் சில அங்குலம்தான் இக்கட்டுரையின் பொருள்.

ஒரு செயலிக்குள் ஒரே நேரத்தில் நடைபெறக்கூடிய வேலைத் தொடர் ஒவ்வொன்றையும் இழை என்பர். இழை என்பது இயல்பாக, கொடுத்த வேலையை முடித்ததும் மறைந்துபோவது. திரையைத் தொடும் விரலுக்காகவும் புளூடூத்தில் வரும் பைட்டுகளுக்காகவும் அது மறையாமல் காத்திருக்க வேண்டுமானால், வேலை வந்தால் எழுந்து செய், இல்லாவிட்டால் உறங்கு என்று திரும்பத் திரும்பச் சுழலும் ஓர் அமைப்பு அதற்குள் ஓட வேண்டும். இதுவே ரன் லூப். ஐபோனில் ஒவ்வோர் இழைக்கும் இத்தகைய சுழல் ஒன்று உரியது என்றாலும், திரையைக் கவனிக்கும் முதன்மை இழையில் மட்டுமே அது தானாகத் தொடங்குகிறது; மற்ற இழைகளில் நிரலாளர்தான் அதை முடுக்கிவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் இதே பணியைச் செய்வது லூப்பர். அது செய்தி வரிசை ஒன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியாக எடுத்து, ஹேண்ட்லர் எனப்படும் பெறுநரிடம் ஒப்படைக்கிறது.

சுழல் உறங்குகிறது என்பதற்கு, மின்கலத்தைத் தின்றுகொண்டு வெறுமனே சுற்றுகிறது என்று பொருளல்ல. ஐபோனில் மேக் போர்ட் எனப்படும் வாயிலிலும், ஆண்ட்ராய்டின் அடியிலுள்ள லினக்ஸில் ஈபோல் என்ற ஏற்பாட்டிலும், இந்த வாயிலில் ஏதாவது வந்தால் மட்டும் எழுப்பு என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டு இழை முழுமையாகப் படுத்துவிடுகிறது. எழுப்பப்பட்டதும் சுழல் தன் ஒரு சுற்றை ஒழுங்காக நடத்துகிறது: காலம் நிறைந்த டைமர்களை இயக்குகிறது, நிகழ்வுகளைக் கொண்டுவரும் மூலங்களில் குறியிடப்பட்டவற்றைக் கையாளுகிறது, பின்பு மீண்டும் உறங்கப் போகிறேன் என்று, தன் நிலையை அறியப் பதிவு செய்துகொண்ட கவனிப்பான்களுக்குச் சொல்லிவிட்டு உறங்குகிறது.

நிகழ்வு மூலங்கள் இருவகைப்படும் என்பது இங்கே மிக முக்கியமானது. ஒருவகை மூலம், இயங்குதளத்தின் வாயில் வழியாக வருவதால், வரும்போதே சுழலை எழுப்பிவிடுகிறது. மற்றொரு வகை மூலத்தை நிரலே குறியிட வேண்டும். குறியிட்டதோடு நில்லாமல், உறங்கும் சுழலைத் தனிக் கட்டளையால் எழுப்பவும் வேண்டும். இந்த இரண்டாவது கட்டளையை எழுதத் தவறிய நிரலில், டிரான்ஸ்பாண்டரிலிருந்து வந்த புயல் செய்தி வேறோர் இழையில் முழுமையாகப் படிக்கப்பட்டு, மூலமும் சரியாகக் குறியிடப்பட்டிருக்கும். முதன்மை இழையின் சுழல் மட்டும் உறங்கிக்கொண்டே இருக்கும். படகின் டிரைவர் மணி பார்ப்பதற்காகத் திரையில் விரலை வைக்கிறார். அந்தத் தொடுதல் வாயில் வழியாக வந்து சுழலை எழுப்புகிறது. எழுந்த சுழல், குறியிடப்பட்டுக் காத்திருக்கும் மூலத்தையும் அந்தச் சுற்றிலேயே கண்டு கையாளுகிறது. விரல் பட்ட நொடியில் எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது. பயன்படுத்துபவருக்கோ அப்போதுதான் செய்தி வந்தது போலத் தெரியும். உண்மையில் அது இருபது நிமிடங்களுக்கு முன்னரே வந்து வாசலில் நின்றிருக்கக்கூடும். திரையைத் தொட்டால்தான் தகவல் புதுப்பிக்கிறது என்ற புகார் எந்தச் செயலியைப் பற்றி வந்தாலும், முதலில் தேட வேண்டிய இடங்களுள் ஒன்று இது.

இனி, அறிவிப்பு என்ற சொல் ஆளப்படும் மற்றொரு பொருளுக்கு வரலாம். செயலியின் ஒரு பகுதி மற்ற பகுதிகளுக்கு ஒரு மாற்றத்தைத் தெரிவிக்கப் பயன்படுத்தும் நோட்டிஃபிகேஷன் சென்டர், நெக்ஸ்ட் நிறுவனத்திடமிருந்து 1997இல் ஆப்பிளுக்கு வந்து சேர்ந்த மரபில் உருவானது. படகின் இடம் மாறியது என்று ஒரு பகுதி அறிவித்தால், அதைக் கேட்கப் பதிவு செய்துகொண்ட பகுதிகள் அனைத்தும் அழைக்கப்படுகின்றன. இதில் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி இரண்டுண்டு. முதலாவது, இந்த அழைப்பு ரன் லூப்புக்காகக் காத்திருப்பதே இல்லை. அறிவித்தவர் அந்த வரியிலேயே நின்றிருக்க, கேட்போர் ஒருவர்பின் ஒருவராக வேலையை முடித்த பின்னரே அடுத்த வரிக்கு நகர முடிகிறது. இரண்டாவது, அறிவிப்பு எந்த இழையில் வெளியிடப்பட்டதோ அதே இழையில்தான் கேட்பவரும் இயங்குகிறார். பின்னணி இழையில் அறிவிக்கப்பட்ட எல்லை எச்சரிக்கையைக் கேட்டு, அங்கேயே திரையின் நிறத்தைச் சிவப்பாக்க முயலும் நிரல், சில வேளைகளில் வேலை செய்து சில வேளைகளில் செயலியையே வீழ்த்துவது இதனால்தான். திரை தொடர்பான வேலை முதன்மை இழைக்கு மட்டுமே உரியது. ஆகவே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு கேட்பவருடையது.

அறிவிப்பை உடனே வழங்காமல், சுழல் ஏற்ற தருணத்தை எட்டும்வரை நிறுத்திவைக்க விரும்புவோருக்காக அதே மரபில் நோட்டிஃபிகேஷன் கியூ என்ற வரிசையும் உள்ளது. ரன் லூப்பும் அறிவிப்பும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுவே. வரிசையில் இடும்போது, இப்போதே வழங்கு, நடப்புச் சுற்று முடிந்ததும் கூடிய விரைவில் வழங்கு, சுழலுக்கு வேறு வேலை இல்லாதபோது வழங்கு என்ற மூன்று முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது முறையின் இயல்பை நினைத்துப் பார்த்தால் அதன் ஆபத்து விளங்கும்: சுழல் ஓயாமல் வேலையில் இருந்தால் ஓய்வுத் தருணம் வருவதில்லை, வராதவரை அறிவிப்பும் வழங்கப்படுவதில்லை. கடல் கொந்தளிக்கும்போது இடத் தகவலும் அசைவுத் தகவலும் டிரான்ஸ்பாண்டரின் செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிவதால், எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரமே சுழலுக்கு ஓய்வில்லாத நேரமாகிவிடுகிறது. மீன் விலைப் பட்டியலைப் புதுப்பிப்பதற்கு இம்முறை தக்கது, புயலுக்குத் தகாது. மேலும், இந்த வரிசை அந்தந்த இழையின் சுழலையே நம்பியிருப்பதால், சுழல் ஓடாத இழை ஒன்றில் பின்னர் வழங்குமாறு இடப்பட்ட அறிவிப்பு என்றைக்கும் வழங்கப்படாது. பிழைச் செய்தியும் எழாது.

அந்த வரிசைக்கு மற்றொரு குணமும் உண்டு. ஒரே பெயருடைய அறிவிப்புகள் பல காத்திருந்தால், அவற்றை ஒன்றாக்கி ஒருமுறை மட்டும் வழங்கும்படி கேட்கலாம். இடம் மாறியது என்று முப்பது முறை சொல்வதைவிட ஒருமுறை சொல்லி, தற்போதைய இடத்தை எடுத்துக்கொள்ளச் செய்வது நல்ல ஏற்பாடுதான். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்து ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் பணிபுரிவோருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஒரு வால்வு பழுதானால் அதைத் தொடர்ந்து நூறு அலாரங்கள் ஒலித்து, எது மூல காரணம் என்றே தெரியாமல் போகும் நிலையை அவர்கள் அலாரம் வெள்ளம் என்கிறார்கள். ஒரு பணியாளருக்கு 10 நிமிடங்களில் 10 அலாரங்களுக்கு மேல் வந்தாலே அது வெள்ளம் என்று ஆலை அலாரங்களுக்கான ஐஎஸ்ஏ 18.2 தரநிலை வரையறுக்கிறது. ஆயினும் ஒன்றாக்குதல் பெயரைப் பார்த்து நடைபெறுகிறதே தவிர, உள்ளடக்கத்தைப் பார்த்து நடைபெறுவதில்லை. வானிலை எச்சரிக்கை என்ற ஒரே பெயரில், காற்று வலுக்கிறது என்பதும் உடனே கரை திரும்பு என்பதும் அடுத்தடுத்து இடப்பட்டால், இரண்டில் ஒன்று கேட்பாரற்றுப் போகும். எண்ணளவாக மட்டும் மாறும் தகவலை ஒன்றாக்கலாம். கட்டளையை ஒருபோதும் ஒன்றாக்கக் கூடாது என்று நிரல் எழுதும் குழு தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நன்று.

இழை, சுழல், அறிவிப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதை இடம் காட்டும் சேவையில் மிகத் தெளிவாகக் காணலாம். எல்லைக்கு எவ்வளவு தொலைவு என்று கணக்கிடுவது கனமான வேலை என்று கருதும் நிரலாளர், திரை தடைப்படாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு ஒரு பின்னணி இழையை உருவாக்கி, அதற்குள்ளேயே இடம் காட்டும் மேலாளரையும் உருவாக்கி, தகவல் அனுப்பத் தொடங்கு என்று கட்டளையிடுகிறார். ஐபோனில் அந்த மேலாளர், தான் எந்த இழையில் உருவாக்கப்பட்டதோ அந்த இழையின் ரன் லூப் வழியாகவே தகவலை வழங்கும் என்பதையும், அங்கே சுழல் உயிரோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் ஆப்பிளின் ஆவணங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. நிரலாளரின் இழையிலோ சுழல் முடுக்கப்படவில்லை. கட்டளைகள் முடிந்ததும் இழை முடிந்துபோகிறது. அனுமதி கேட்கும் பெட்டி வந்தது, பயனர் அனுமதித்தார், எல்லாம் சரியாக இருக்கிறது. இடம் மட்டும் ஒருமுறைகூட வருவதில்லை. சுழலை முடுக்கிவிட்டால் போதும் என்று எண்ணி ஒரு வரி சேர்ப்பவருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. மூலமோ டைமரோ எதுவும் இணைக்கப்படாத சுழல், முடுக்கிய கணமே தனக்கு வேலையில்லை என்று திரும்பிவிடும்.

ஆண்ட்ராய்டில் இதே தவறு வேறுவிதமாக வெளிப்படுகிறது. இடத் தகவலைக் கேட்கும்போது எந்த லூப்பர் வழியாக வேண்டும் என்று குறிப்பிடலாம்; குறிப்பிடாவிட்டால் கேட்கும் இழையின் லூப்பரையே அது நாடும்; அந்த இழையில் லூப்பர் இல்லையென்றால் செயலி அந்த இடத்திலேயே பிழையோடு நின்றுவிடும். முதல் நாளே மேசையின்மேல் சத்தமாக உடைந்துபோகும் நிரல், கடலில் மௌனமாக இருந்துவிடும் நிரலைவிட எவ்வளவோ மேலானது. இவ்விஷயத்தில் ஆண்ட்ராய்டின் முரட்டுத்தனமே மீனவருக்கு நன்மை செய்கிறது. தீர்வும் இரண்டிலும் எளியதே: தகவலைப் பெறும் சிறு வேலையை முதன்மைச் சுழலிடமோ, லூப்பரோடு பிறக்கும் ஹேண்ட்லர் த்ரெட் போன்ற நிலையான இழையிடமோ விட்டுவிட்டு, கணக்கிடும் கனமான வேலையை மட்டும் பின்னணிக்கு அனுப்ப வேண்டும்.

சுழல் உயிரோடு இருந்தாலும் அது எல்லாவற்றையும் எப்போதும் கேட்பதில்லை. ஐபோனின் ரன் லூப், ஒரு சமயத்தில் ஒரு முறைமையில் மட்டுமே ஓடும். அந்த முறைமையில் பதிவான மூலங்களும் டைமர்களும் மட்டுமே அப்போது அதன் காதில் விழும். இயல்பான நேரத்துக்கு ஒரு முறைமை, திரையை விரலால் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மற்றொரு முறைமை என்று வைத்திருப்பதன் நோக்கம், இழுக்கும்போது படம் தட்டுத் தடங்கலின்றி வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதே. ஆனால் சாதாரணமாக உருவாக்கப்படும் டைமர் இயல்பு முறைமையில் மட்டுமே பதிவாகிறது. முப்பது நொடிக்கு ஒருமுறை கப்பல் தடத்துக்கான தொலைவைச் சரிபார்க்கும் டைமர் ஒன்று அப்படிப் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். டிரைவர் வலை இறக்கும் இடத்தைத் தேடி, உருட்டக்கூடிய பட்டியல் ஒன்றை விரலால் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருக்கிறார். விரல் திரையை விட்டு எழும்வரை, அதற்குப் பின்னும் பட்டியல் தன் வேகத்தில் ஓடி அடங்கும்வரை, அந்த டைமர் ஒருமுறைகூட இயங்குவதில்லை. 8 நாட் வேகத்தில் செல்லும் படகு முப்பது நொடியில் ஏறத்தாழ 123 மீட்டர் நகர்ந்துவிடும். விரல் எழுந்ததும் தவறிப்போன சுற்றுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒருமுறை மட்டுமே டைமர் இயங்கும். எத்தனை முறை இயங்கியது என்று எண்ணி நேரத்தைக் கணக்கிடும் நிரல், கடந்த காலத்தையும் தவறாகவே கணக்கிடும்.

டைமரைப் பொது முறைமைகளில் பதிவு செய்தால் இது ஒரே வரியில் தீர்ந்துவிடுகிறது. முதன்மை இழைக்கு வேலைகளைக் கொடுக்கும் தனி வரிசையான முதன்மை வரிசைக்கு அனுப்பப்படும் வேலைகளும் இழுத்தலின்போது நடைபெறுகின்றன. கம்பைன் என்ற நூலகத்தில் முதன்மை ரன் லூப்பைத் தேர்ந்தெடுத்தால் இழுத்தலின்போது தகவல் தேங்கி நிற்கும், முதன்மை வரிசையைத் தேர்ந்தெடுத்தால் தேங்காது என்ற வேறுபாடும் இதிலிருந்தே பிறக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி ஏதோ ஒன்றை எழுதிவிடுவது பரவலான பழக்கம். (ஆண்ட்ராய்டின் லூப்பருக்கு இத்தகைய முறைமைகள் இல்லை; அங்கே திரையை வரையும் வேலைக்கு வழிவிடுவதற்காகச் சாதாரணச் செய்திகள் சிறிது நேரம் தடுத்து நிறுத்தப்படுகின்றன, அவ்வளவே.) மேசையில் சோதிக்கும்போது விரல் திரையில் இருப்பதில்லை, நிரலாளர் கைகட்டி உட்கார்ந்து எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கிறார் என்பதால்தான் இந்தக் குறை கண்ணில் படாமல் வெளியாகிறது.

முதன்மைச் சுழலை நீண்ட வேலையால் அடைத்துவிடுவது எல்லோரும் அறிந்த குற்றம் என்பதால் அதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கடல் வரைபடக் கோப்பை முதன்மை இழையிலேயே படித்தால், படித்து முடிக்கும்வரை வந்த எதுவும் வழங்கப்படாது; விரலின் தொடுதலுக்கு 5 நொடிகள் பதிலில்லையென்றால் ஆண்ட்ராய்டு அந்தச் செயலி பதிலளிக்கவில்லை என்று பயனரிடமே புகார் செய்துவிடும். எண்ணூர் ஆலைகளில் இயங்கும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி இவ்விஷயத்தில் கைபேசியைவிடக் கண்டிப்பானது. உள்ளீடுகளைப் படி, தருக்கத்தை நடத்து, வெளியீடுகளை மாற்று என்று அதுவும் மில்லி நொடிகளில் ஒரு சுழலைத்தான் ஓட்டுகிறது. குறித்த காலத்துக்குள் ஒரு சுற்று முடியவில்லையென்றால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதைப் பழுது நிலைக்குத் தள்ளிவிடும். அந்தக் கருவிகளோடு பழகிய பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ரன் லூப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், இந்த ஸ்கேன் சுற்றிலிருந்தே தொடங்கலாம். பாடத்தில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இதுவரை சொன்னவை யாவும் கைபேசி விழித்திருக்கும்போது நிகழ்பவை. திரை அணைந்த பின்னர் நிலைமை மாறிவிடுகிறது. ஐபோனில் பின்னணிக்குப் போன செயலி, சிறப்பு அனுமதி ஏதும் பெறாவிட்டால், சற்று நேரத்தில் நிறுத்திவைக்கப்படுகிறது. அதன் சுழல் உறங்குவதுகூட இல்லை, உறைந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் 2015இல் வெளியான 6.0 பதிப்பு, அசையாமல் கிடக்கும் கைபேசியை ஆழ்ந்த டோஸ் நிலைக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த 7.0, அசைந்துகொண்டிருக்கும் கைபேசிக்கும் திரை அணைந்திருந்தால் மென்மையான ஒரு டோஸ் நிலையைக் கொடுத்தது. அலையில் ஆடும் படகில் கைபேசி அசைந்துகொண்டேதானே இருக்கும் என்று ஆறுதல் கொள்வதற்கு இதனால் இடமில்லாமல் போயிற்று. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று ஹேண்ட்லரின் கடிகாரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து இதைச் செய் என்று ஹேண்ட்லரிடம் கொடுக்கப்படும் வேலை, கைபேசி விழித்திருந்த நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. ஆழ்ந்து உறங்கிய நேரம் கணக்கில் சேராது. எனவே அந்தப் பத்து நிமிடம், சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரமாகக்கூட நீளலாம். கடலுக்கான செயலி, அறிவிப்புப் பட்டையில் எப்போதும் தெரியும் முன்னணிச் சேவையாக இயங்குவதும், காலம் தவறக்கூடாத வேலைகளை ஹேண்ட்லரிடம் விடாமல் இயங்குதளத்தின் அலாரம் ஏற்பாட்டிடம் ஒப்படைப்பதும் கட்டாயம். மின்கலம் கொஞ்சம் கூடுதலாகத் தீரும்; எஞ்சின் ஓடும் படகில் மின்னேற்ற வழியுண்டு.

கரையிலும் இரவுகள் உள்ளன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, சுற்றுப்புறக் குப்பங்களின் மக்களை எழுப்பியது நெடியும் கண்ணெரிச்சலும்தான். அத்தகைய நேரத்துக்குச் செயலிகளை நம்பியிருப்பது முறையாகாது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழகத்தில் சோதிக்கப்பட்ட செல் பிராட்காஸ்ட் முறையில், கோபுரத்திலிருந்து வரும் எச்சரிக்கையைக் கைபேசியின் இயங்குதளமே நேரடியாகப் பெற்று ஒலியெழுப்புகிறது. எந்தச் செயலியின் சுழலும் இடையில் நிற்பதில்லை. கோபுரம் எட்டும் இடம்வரை அதுவே சிறந்த வழி. தொடர்பு அறுந்த கடலில்தான் செயலிக்கும் அதன் ரன் லூப்புக்கும் பொறுப்பு தொடங்குகிறது.

ஆகவே கடலோடிகளுக்கான செயலிகளை எழுதும் நிறுவனங்களிடமும், அவற்றை வாங்கும் அரசுத் துறைகளிடமும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கின்றன. எஞ்சின் பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் அங்கேதான் நடக்கின்றன. புதிய பதிப்பு எதையும் வெளியிடும் முன், அந்தப் படகுகளின் சுக்கான் அறையில் டிரான்ஸ்பாண்டருக்குப் பக்கத்திலேயே கைபேசியை வைத்து, போலி இடத் தகவலைக் கொடுத்து எல்லையை நெருங்கச் செய்து, பட்டியலை விரலால் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒருமுறையும், திரை அணைந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு ஒருமுறையும், எஞ்சின் முழு வேகத்தில் இரையும்போது ஒருமுறையும் எச்சரிக்கை எத்தனை நொடியில் காதில் விழுகிறது என்று டிரைவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நொடிகளைச் செயலியின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிடுங்கள்.